வட்டத்துக்குள் ஒரு புள்ளி

எம்.ஆர்.ஐ. படத்தில் பாதத்தைப் பார்க்கப் பழகும்போது கண் முதலில் தடுமாறுவது கருப்பில்தான். எக்ஸ்ரேயில் வெள்ளையாக மின்னும் எலும்பின் ஓடு இங்கே மை தீட்டிய கோடு. உள்ளே மஜ்ஜைக் கொழுப்புதான் வெள்ளை. கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தசைநாண், நம் ஊரில் குதிகால் நரம்பு என்பார்களே, அது அட்டக்கருப்பு. அந்தக் கருப்புதான் அதன் ஆரோக்கியம். நெருங்கி முறுக்கிய நார்களுக்குள் சிறைப்பட்ட நீர், காந்தம் கேட்பதற்குள் அடங்கிப்போகிறது. குறுக்குவெட்டில் அந்த நாண் முன்பக்கம் லேசாகக் குழிந்த பிறை. குழிவு தூர்ந்து உப்பத் தொடங்கினால் நோய் வந்துவிட்டது என்று பொருள். பிறையின் வயிறு எந்தப் பக்கம் என்று பார்த்தே வலியின் காரணத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கணுக்காலின் வெளிப்புறம் வளைந்து போகும் நாண்களில் ஒரு மாயமும் உண்டு. காந்தப்புலத்துக்கு 55 டிகிரி சாயும் இடத்தில், நோயே இல்லாமல் நாண் வெளுத்துத் தெரியும். நாண் கிழிஞ்சிருச்சு என்று எழுதக் கை பரபரக்கும். பொறுமையுள்ளவர் அடுத்த வரிசைப் படத்தைத் திருப்புவார். அங்கே அதே இடம் பழையபடி கருகருவென்றிருக்கும். 'மந்திரக் கோணம்' என்றே இதற்குப் பெயர்.

ஆனால் நான் சொக்கி நிற்பது வேறொரு படத்தில். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளத் தட்டையும் பருத்திமாரும் அறுத்த காட்டில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு முள் குத்துவது ஒரு சேதியே அல்ல. அப்படிக் குத்திய வழியாக மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய்விட்டால் பாதம் வருஷக்கணக்கில் மெல்ல வீங்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் தாமதமாக வருவார்கள். புண்வாய் வழியே ரவை போன்ற மணிகள் வெளிவரும். 1842-இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் பதிவு செய்த நோய் இது. 'மதுரா கால்' என்ற பெயர் உலகமெங்கும் போயிற்று. இதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளில் ஒன்றின் பெயரிலும் மதுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாதத்தின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கிட்டத்தில் பாருங்கள். சில மில்லிமீட்டரே உள்ள வெள்ளை உருண்டைகள், கொத்துக் கொத்தாக. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய கருவளையம். நட்டநடுவில் ஒரு கரும்புள்ளி. புள்ளி, பகையின் மணி. வெண்மை, அதை மொய்த்து நிற்கும் அழற்சித் திசு. வளையம், உடம்பு எழுப்பிய நார்மதில். ஒரு முற்றுகையே புள்ளிக்கோலமாகக் கிடக்கிறது. 2003-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இதற்கு 'வட்டத்துள் புள்ளி' என்று பெயரிட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் நோபல் கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

அது பூஞ்சையா, பாக்டீரியாவா என்பதைப் படம் சொல்லாது. மருந்து அதைப் பொறுத்தே மாறும் என்பதால் சதைத்துணுக்கை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் கத்தி படுமுன்பே நோயின் பெயரைக் காதோடு சொல்லிவிடுகிறதே, அந்தப் புள்ளி!

இதே பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை ஓடைச் சரிவுகளில் மழை அரித்துக் கொடுக்கும் அம்மோனைட்டுகளை, கல்லாய்ப் போன கடலுயிரிகளின் சுருள் ஓடுகளைப் பொறுக்கியவர்களுக்கு இந்தக் கண் உண்டு. ஒரு சுருளின் வரியைக் கண்டதும் இங்கே கடல் இருந்தது என்பார்கள். 2022 ஜனவரியில் அரியலூரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்தப் படத்தின் முன்னும் அப்படிக் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நின்றால், புள்ளிகளை எண்ணியபின் கண் தானாக எலும்புக்குப் போகும். விரலுக்குப் போகும் நீளெலும்பின் ஓரமாகவே நாலைந்து வட்டங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவே எலும்போட்டின் அந்த மைக்கோடு, மயிரிழை கனத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓடுகிறது. நோய் இன்னும் எலும்புக்குள் போகவில்லை.