பதினெட்டு மில்லிமீட்டருக்குள் என்ன இருக்கிறது?

குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் ஏற்காட்டுப் பெண்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குவது பெரும்பாலும் 'ஃபாலிகுலர் ஸ்டடி'க்காக. ஒன்றுவிட்ட நாள் ஸ்கேன். "முட்டை 18 வந்திருக்கும்மா, நல்லா இருக்கு" என்று கேட்டால் நிம்மதியாக மலையேறுவார்கள். அந்த 'நல்லா இருக்கு' என்பதற்கு ஸ்கேனில் ஆதாரம் உண்டா?

திரையில் தெரிவது முட்டையல்ல, அதைச் சுமக்கும் நீர்ப்பை. முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்த ஸ்கேனுக்கு அகப்படாது. 1672இல் இப்பைகளை விவரித்த டச்சு மருத்துவர் டி கிராஃப் பையையே முட்டை என எண்ணினார். உள்ளிருக்கும் முட்டையை உயிரியலாளர் ஃபான் பேர் கண்டறிய 1827 ஆயிற்று.

அதற்காகப் பைக்கும் முட்டைக்கும் தொடர்பில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. முட்டையைச் சூழ்ந்த கியூமுலஸ் செல்கள் அதன் உறையைத் துளைத்து மெல்லிய இழைகளை நீட்டி ஊட்டம் தருகின்றன. முட்டையும் ஜி.டி.எஃப்.-9, பி.எம்.பி.-15 ஆகிய புரதங்களைச் சுரந்து அச்செல்களை நடத்துகிறது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் 16 முதல் 22 மி.மீ. வரையுள்ள பைகளில் முதிர்ந்த முட்டை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 12க்குக் கீழே குறைவு.

ஆனால் முதிர்ச்சி வேறு, தரம் வேறு. ஒரு பெண்ணின் முட்டைகள் அவர் தாயின் வயிற்றில் இருந்தபோதே பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றவை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது. நாற்பது வயதிலும் பை 20 மி.மீ.க்கு வட்டமாக வளரலாம். உள்ளே ஒரு குரோமோசோம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். எந்த அளவுகோலும் அதைக் காட்டாது. பையைச் சுற்றிய ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்த்துத் தரம் கணிக்கலாம் என 1990களில் எழுந்த நம்பிக்கையும் பின்வந்த ஆய்வுகளில் ஒரே சீராக நிலைக்கவில்லை. ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் மிஞ்சியுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தை அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: முட்டையை வெளியேற்றும் ஊசி போடும் நாளைக் குறிக்கவும், பல பைகள் ஒருசேர வளர்ந்து இரட்டை, மூன்று எனக் கரு தங்கும் ஆபத்தைத் தவிர்க்கவும் இந்த ஸ்கேன் தேவை. அதற்காக மலையிறங்கலாம். தரத்துக்குச் சான்றாக அதைக் காட்டுவது தவறு. அதற்கு இன்றும் நம்பத்தக்க முதல் குறிப்பு வயதுதான். முப்பத்தைந்தைக் கடந்தவரிடம் மி.மீ. கணக்கைச் சொல்லும்போதே வயதின் கணக்கையும் மருத்துவர் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் 'முட்டை நல்லா வளர்ந்து வெடிச்சும் ஏன் தங்கலை' என்று அந்தப் பெண் மாதாமாதம் தன் உடம்பையே குற்றவாளியாக்கிக்கொள்வார்.