இரவுக்கும் பகலுக்கும் ஒரே கணக்கு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு 61. எந்தக் குழு எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும், இடைவேளை எப்போது, எத்தனை மணிக்கு வெளியேறலாம் என்பதையெல்லாம் எழுதி, தொழிலாளர் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்றது அது. நேரத்தை ஒருமுறை மாற்றினால், ஆய்வாளரின் முன்அனுமதி இல்லாமல் ஒரு வாரத்துக்குள் மறுபடி மாற்றக் கூடாது. அந்த அறிவிப்பில் இல்லாத நேரத்தில் ஒருவரிடம் வேலை வாங்குவதைப் பிரிவு 63 தடுத்தது.

வெறும் காகித வேலை போலத் தோன்றும் இந்த விதிக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1847ல் பத்து மணி நேரச் சட்டம் வந்தபோது ஆலை முதலாளிகள் அதை நேராக மீறவில்லை. பெண்களையும் இளம் வயதினரையும் குழு குழுவாகப் பிரித்து, நாள் முழுக்க உள்ளே அழைப்பதும் வெளியே அனுப்புவதுமாக வைத்திருந்தார்கள். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று எந்த ஆய்வாளராலும் கணக்கெடுக்க முடியவில்லை. 1850ல் வந்த சட்டம், வேலை எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடிய வேண்டும் என்று வரையறுத்த பிறகுதான் அந்தத் தந்திரம் பெரும்பாலும் அடங்கியது. எத்தனை மணி நேரம் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்றும் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பாடம் நம் சட்டத்திலும் இருக்கிறது. மேற்பார்வையாளர் நினைத்தபோது கூப்பிட்டு நினைத்தபோது அனுப்பும் நிலையிலிருந்து ஒரு தொழிலாளியைக் காப்பது இந்த விதிதான். நான் அதை மிக உயர்வாகவே மதிக்கிறேன்.

மணிக்கணக்கிலும் 1948ன் சட்டம் கறாராக இருந்தது. 1922ல் வாரத்துக்கு 60 மணி நேரமாக இருந்த உச்சவரம்பு, 1934ன் சட்டத்தில் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு 54 ஆனது. அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது கொண்டுவந்த மசோதாவால் 1946ல் 48 ஆனது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை கூடாது, ஓய்வு உட்பட எல்லாம் பத்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும், மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. இரட்டைக் கூலியைப் பலர் தொழிலாளிக்குக் கிடைக்கும் சலுகை என்றே நினைக்கிறார்கள். ஓ.டி. வாங்குவதைவிட இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பது மலிவு என்று நிர்வாகம் உணர வேண்டும், அதற்கான தடைக்கல் அது.

அந்தத் தடைக்கல்லைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத் திருப்பூரில் எல்லோரும் அறிவார்கள். அங்கே பனியன் கம்பெனிகளில் கூலி பேசுவதே ஷிப்ட் கணக்கில்தான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரை மடங்கு கூலி என்றால், கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு ஒற்றைக் கூலி என்று பொருள். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் இது வாடிக்கையாகிவிடுகிறது. வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் பழகிப்போனதால் யாருக்கும் இது மீறலாகப் படுவதில்லை. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு கொரோனாவைக் காரணம் காட்டி இதையே அரசாணையாகப் போட்டது: நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு வழக்கமான கூலி. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று நடந்தது நினைவிருக்கும். 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்து, வேலை நேர வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நாளுக்குப் பன்னிரண்டு வீதம் நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது. தொலைவிலிருந்து வருபவருக்குப் பயண நாட்கள் குறையும் என்பது உண்மைதான். அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இரவும் பகலும் ஓடும் ஆலையில் அன்றாடம் மூன்று குழு செய்யும் வேலையைப் பன்னிரண்டு மணி நேர முறையில் இரண்டு குழு செய்துவிடும். அதற்குரிய ஓய்வு நாட்களைத் தருவதற்கான ஆட்களையும் சேர்த்து வைக்காவிட்டால், மூன்று நாள் விடுப்பு என்பது பேச்சோடு போய்விடும். அந்தத் திருத்தத்தை எதிர்த்தது சரியே.

ஆனால் அந்த வாதம் முழுவதும் எட்டா பன்னிரண்டா என்ற எண்ணைச் சுற்றியே நடந்தது. எந்த எட்டு என்று கேட்டவர்கள் குறைவு. சட்டத்தின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. மதியம் செய்யும் ஒரு மணி நேர வேலையும் விடியற்காலை மூன்று மணிக்குச் செய்யும் ஒரு மணி நேர வேலையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இரவு வேலைக்கென்று தனிப் படியைத் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லும் மறுபடி 2019லும் இரவு ஷிப்டை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. உடல் பகல் தூக்கத்தை இரவுத் தூக்கத்துக்கு ஈடாக ஏற்பதில்லை. மதிய வெயிலில் தகரக் கூரையின்கீழ், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே தூங்க முயல்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரிவு 57ஐப் படித்துப் பாருங்கள். நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு, நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை முந்தைய நாளின் கணக்கில் சேரும். ஷிப்ட் முடியும் நொடியிலிருந்து அவருடைய அடுத்த நாள் தொடங்கும். இரவு பத்து மணிக்கு வேலைக்குப் போய்க் காலை ஆறுக்கு வெளியே வருபவரை, அன்றே பிற்பகல் இரண்டு மணி ஷிப்டுக்கு வரச் சொன்னால் என்ன ஆகும்? இரவு பத்திலிருந்து மறுநாள் இரவு பத்துக்குள் பதினாறு மணி நேரம் வேலை. ஆனால் முதல் எட்டு ஒரு நாளின் கணக்கு, அடுத்த எட்டு மறுநாளின் கணக்கு. வாரத்துக்கு 48ஐத் தாண்டாதவரை மீறலும் இல்லை, ஓ.டி.யும் இல்லை. ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது இத்தனை மணி நேர ஓய்வு என்று சட்டம் எங்கும் நேராகச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு நெறிமுறையில் 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு அடிப்படை விதி. இரவுப் பணியாளருக்கு இலவச உடல் பரிசோதனையும் அதில் உண்டு.

வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும் ஆலைகளில் இது எப்படி விடிகிறது என்று பார்ப்போம். காலை ஷிப்டிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி மாறுவதை உடல் ஓரளவு எளிதாக ஏற்கும் என்பது தூக்கத்தை ஆராய்பவர்களிடையே பரவலான கருத்து. நல்லது, அப்படியே மாற்றுவோம், ஞாயிறு விடுமுறை. காலை ஷிப்ட்காரர் சனி பிற்பகல் இரண்டுக்கு வெளியே வந்து திங்கள் பிற்பகல் இரண்டுக்குத் திரும்புகிறார், 48 மணி நேரம். மாலை ஷிப்ட்காரர் சனி இரவு பத்துக்கு முடித்துத் திங்கள் இரவு பத்துக்கு வருகிறார், அவருக்கும் 48. ஒரு வாரம் முழுக்க இரவில் விழித்தவரோ ஞாயிறு காலை ஆறுக்கு வெளியே வந்து திங்கள் காலை ஆறுக்குக் காலை ஷிப்டில் நிற்க வேண்டும். வெறும் 24 மணி நேரம். அதில் பகல் பாதி தூக்கத்தில் போகும், இரவில் தூக்கம் வராது, நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும். அதிக ஓய்வு தேவைப்படுபவருக்கு மற்றவர்களில் பாதிதான் கிடைக்கிறது. சட்டத்தின் பார்வையில் அவருக்கு ஒரு முழு விடுமுறை கிடைத்தாயிற்று, ஏனென்றால் ஷிப்ட் முடிந்ததிலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்றுதான் பிரிவு 57 விடுமுறையை வரையறுத்தது. நல்ல நோக்கத்தோடு அட்டவணை போடும் நேர அலுவலகம்கூட இந்தக் கண்ணியில் விழுந்துவிடுகிறது.

தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சில நன்மைகளைச் செய்திருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்கிறது, மிகைநேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஒரு குடும்பத்தின் அடுப்பு ஓ.டி.யை நம்பியிருக்கும்போது சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்பது வேறு கேள்வி. ஆனால் இரவு ஷிப்ட் பற்றிய பழைய பிரிவு அநேகமாக வார்த்தை மாறாமல் புதிய சட்டத்திலும் ஏறியிருக்கிறது. அலசிப் பார்க்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தும் அதைத் தொடாமல் விட்டது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இத்தனைக்கும் தீர்வு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்ற பிரிவு 66ன் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ல் செல்லாது என்றது. பின்னர் பெண்களை இரவுப் பணிக்கு அனுமதித்து மாநிலங்கள் வெளியிட்ட அறிவிக்கைகள் பலவற்றில் ஒரு நிபந்தனை உண்டு: பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கும் இரவிலிருந்து பகலுக்கும் மாறும்போது இடையே பன்னிரண்டு மணி நேரத் தொடர் ஓய்வு. பெண்ணுக்குத் தேவையென்று ஏற்றுக்கொண்ட ஓய்வை, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் ஆணுக்கு மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் அந்தப் பன்னிரண்டு, இரவு வாரம் முடிந்து காலை ஷிப்டுக்கு மாறுபவருக்கு மட்டும் 48: இவ்வளவுதான் கேட்க வேண்டியது.

ஆட்கள் பற்றவில்லை என்று ஆலைகள் சொல்லும், அது பொய்யுமல்ல. நூற்பாலைகள் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தேடிப் போகும் காலம் இது. ஆனால் இந்த 48 மணி நேரத்துக்கு மூன்று குழுக்களில் ஒன்றுக்கு மட்டும் வாரத்தில் ஒரு ஷிப்ட் மாற்று ஆள் வேண்டும், அதாவது திங்கள் காலை ஷிப்ட். அந்த ஒரு ஷிப்டை வாராவாரம் நிரப்புவதற்கான ஏற்பாட்டை நிர்வாகமும் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கலாம். பேசவைக்க ஒரு விதி வேண்டும், மாநில விதிகளிலேயே அதை எழுதத் தமிழ்நாடு அரசு முயலலாம்.