நாட்டியாஞ்சலி: எத்தனை பேர் ஆடினாங்க?

சிதம்பரம் நாட்டியாஞ்சலி 1981-ல் தொடங்கியது. 2014 ஜனவரியில் நடராஜர் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களுக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, விழாவை நடத்திவந்த அறக்கட்டளை கோயிலுக்கு வெளியே மேடை போட்டது. உள்ளே தீட்சிதர்கள் தனி விழா நடத்தினார்கள். அன்றிலிருந்து எது அசல் விழா என்பதே பேச்சு.

எனக்கு அந்தப் பஞ்சாயத்தில் அக்கறை இல்லை. கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, டிக்கெட் இல்லாமல் தரையில் உட்காருகிறவருக்கு என்ன கிடைக்குது என்பதுதான் என் கேள்வி. ஒரே மாலையில் பல குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம். ஒரு வர்ணத்துக்கே அரை மணி நேரமாவது வேணும். அதை முழுசா பார்க்காதவருக்குப் பரதம் வெறும் வேகமும் ஜதியுமாகத்தான் தெரியும்.

2019-ல் இதே ஊரில் 7,190 பேர் ஒன்றாக ஆடி கின்னஸ் சாதனை செய்தார்கள். எண்ணிக்கைக்கு அது போதும். விழாவுக்கு வேண்டியது வேறு: தினமும் ஒருவருக்காவது முழு மார்க்கம் ஆட நேரம் கொடுங்க, குழுக்களைக் குறைங்க. உள்மேடை, வெளிமேடை இரண்டுக்கும் இது பொருந்தும்.

கோபுர வாசலில் 108 கரணங்களைச் செதுக்கியவர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள்.