வழக்கறிஞர் இல்லத்து ஏடுகள்

ஓலைச்சுவடிகளைப் போற்றக் கற்றுக்கொண்ட தமிழுலகம், தாளில் எழுதப்பெற்ற அண்மைக்கால ஏடுகளைப் போற்ற இன்னும் முற்றக் கற்கவில்லை. அவற்றுள்ளும் வழக்கறிஞர் குடும்பத்து ஏடுகள் பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றன. புலவர்க்கு எழுதிய கடிதம் கிடைப்பின் அதனை மட்டும் எடுத்துக்கொண்டு, பிராது, வக்காலத்து, வரவுசெலவுக் கணக்கு, கடன் குறிப்பு முதலியவற்றைக் கழித்து ஒதுக்குவாரும் உளர். இலக்கிய ஆராய்ச்சிக்கு இவற்றால் ஆவது என்னை என்பது அவர்தம் வினா. அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் அவர்தம் தந்தையார் உலகநாத பிள்ளையவர்களும் வழக்கறிஞர்கள். 1908-இல் பெற்ற தண்டனையால் வ. உ. சி. தம் சன்னதை இழந்தார். 1912-இன் இறுதியில் விடுதலையுற்றுச் சென்னையில் வறுமையில் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர் அவர்பொருட்டு அளித்த தொகையைப் பற்றி அவரும் காந்தியடிகளும் 1915, 1916 ஆகிய ஆண்டுகளில் கடிதம் எழுதிக்கொண்டனர். அக்கடிதங்களைக் கொண்டு ஆ. இரா. வேங்கடாசலபதி இயற்றிய நூல் 2021-இல் வெளிவந்தது. '347 ரூபாய் 12 அணா' என்னும் தொகையே அந்நூற்பெயரில் இடம்பெற்றுள்ளது.

இக்கடிதங்கள் பணத்தைப் பற்றியன. தெரிந்தெடுப்போர் கொள்கைப்படி இவை கழிக்கத்தக்கன. ஆயினும், வறுமையிடைத் தன்மானம் குன்றாத ஒருவரின் உரைநடையை இவற்றிற் போல் வேறெங்கும் காண்டல் அரிது. தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்த கையும் இக்கணக்கை எழுதிய கையும் ஒன்றே. ஒன்றை நீக்கி மற்றொன்றைக் கற்பார் அப்பதிப்புப் பணியின் அருமையை உணரார்.

ஆகவே, கட்டினைப் பிரித்தற்கு முன்னரே அட்டவணை எழுதுதல் வேண்டும். எத்தாள் எதனை அடுத்து இருந்தது என்பதும் சான்றேயாம். கட்சிக்காரர்தம் மறைபொருள் வெளிப்படுமே எனின், அத்தடை நேரியதே. அத்தகைய தாள்களைக் குறித்த காலம் வரை மூடி வைத்தல் தகும்; அழித்தல் தகாது.

சின்னசேலம் போன்ற ஊர்களுக்கு இக்கடன் மிகவும் உரியது. தென்னார்க்காட்டு மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் மாறுந்தோறும் அலுவலகப் பதிவேடுகள் இடம் பெயர்தல் இயல்பு. வழக்கறிஞர் இல்லத்துக் கட்டோ இருந்த இடத்திலேயே இருத்தல் கூடும். அண்மையிலுள்ள கல்வராயன் மலையில் சாகீர் முறை 1976-இல் ஒழிந்தது. அம்மலைமக்களின் நிலவுரிமை பற்றிய ஒரு பழம் பிராதின் படி, நாளை அவர்க்குச் சான்றாகலாம். அவர்தம் பேச்சுமொழியை ஆராய்வார்க்கும் அதிலுள்ள வாக்குமூலம் கருவியாகலாம்.

இவ்வேடுகளைக் கறையானும் பழந்தாள் வணிகரும் கொண்டுசெல்லுமுன் நாடிச் செல்லுதல் தமிழ்த்துறையார் கடன். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஓர் இல்லத்துக் கட்டிற்கேனும் அட்டவணை எழுதுவாராயின், பின்வரும் ஆராய்ச்சிக்கு அதுவே அடிப்படையாகும்.