வலையும் விலையும்: ‘றெடெஸ்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

மெக்சிக்கோவின் வெராகுரூஸ் கரையோரத்து அல்வராடோவில் 1934இல் படமாக்கப்பட்டு 1936இல் வெளியான ‘றெடெஸ்’ (வலைகள்), திரைப்பட வரலாறுகளில் பெரும்பாலும் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுவது. விஸ்கொந்தியின் ‘லா தெரா திரேமா’ (1948) பெற்ற கவனம், அதற்கு ஒரு தசாப்தத்துக்கு மேல் முந்திய இப்படைப்புக்குக் கிட்டவில்லை. பிரெட் சினெமான், எமிலியோ கோமெஸ் முரியேல் ஆகியோர் நெறியாள்கை செய்ய, ஒளிப்பதிவை ஆற்றியவர் போல் ஸ்ட்ராண்ட். இசை சில்வெஸ்திரே றெவுவேல்தாஸ். நடித்தோரிற் பெரும்பாலார் மீனவரே.

மருந்துக்குப் பணமின்றி மீரோவின் குழந்தை இறக்கின்றது. அதன் பின்னரே மீன் பெருவாரியாகப் படுகின்றது. இவ்வொழுங்கிலேயே படத்தின் சிந்தனை அடங்கியுள்ளது. மீன் படாமையால் வறுமை வந்தது என்ற எளிய விளக்கம் இங்கு உடைகின்றது. வலை நிறைந்த நாளிலும் மீனவன் கையில் எஞ்சுவது சில நாணயங்களே, ஏனெனில் விலையை நிர்ணயிப்பவன் வணிகன். அதே 1934இல் வெளியான பிளகேர்ட்டியின் ‘மான் ஒவ் ஆரன்’ படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே மனிதனின் பகை கடல் மட்டுமே. நிலவுடைமையாளன் சட்டகத்துக்குள் வருவதேயில்லை.

ஆயினும், ஸ்ட்ராண்டின் கண் ஓர் இடர்ப்பாட்டையும் கொண்டுவருகின்றது. அசையாப் படக் கலைஞரான அவர் முகங்களையும் கயிறுகளையும் வானின் பின்னணியிற் சிலைகளாக நிறுத்துகிறார். வலையிழுக்கும் காட்சியில் மட்டும், றெவுவேல்தாசின் இசையோடு இணைந்து, உடல்கள் உண்மையாகவே உழைக்கின்றன. படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுவே. மீரோ உரையாற்றும்போதோ அவன் தோழர்களிலிருந்து பிரிந்து தனிவீரனாக உயர்ந்துவிடுகிறான். பெண்களுக்கு அழுவதைத் தவிர அதிக வேலையில்லை.

படத்தைத் தயாரித்தது மெக்சிக்கோ அரசின் கல்வி அமைச்சு. வணிகனையும் அவனோடு கூடிய அரசியல்வாதியையும் துணிந்து சாடும் படத்தில், அரசு என்ற நிறுவனம் மாத்திரம் எங்கும் தென்படாதது தற்செயலன்று என்றே தோன்றுகிறது.

கூலி குறைவென்று ஒரு பகுதியினர் வேலையை மறுக்க, மறுபகுதியினர் கடலுக்குச் செல்கின்றனர். மீனவர் மீனவரையே தாக்குகின்றனர். இதை மறைக்காமற் காட்டியமை படத்தின் நேர்மை. ஆனால் அக்கலவரத்தில் அரசியல்வாதியின் குண்டுக்கு மீரோ இரையானதும் பிளவு மறைந்து, அவனது உடலைச் சுமந்தவாறு படகுகள் ஒன்றாகின்றன. ஒரு நாட் கூலியையும் இழக்க இயலாதவன் வேலைக்குப் போனான். அவன் வீட்டு அடுப்பின் நிலை மீரோவின் மரணத்தால் மாறிவிடவில்லை. இக்கேள்வியைப் படம் தானே எழுப்பிவிட்டு, விடைக்குப் பதிலாக அலைகளைக் காட்டுகின்றது.