துப்பாக்கி எழுத்து: நம்பகமும் விசுவாசமும்

1

துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்களைப் பற்றிச் சிறுபத்திரிகையில் என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேட்டை எழுத்து என்றதும் நமக்கு ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் என்று இரண்டு பெயர்கள் ஞாபகத்துக்கு வரும். சேலம், தருமபுரிக் காடுகளில் ஆண்டர்சன் அலைந்த கதைகளோடு அந்த வகை நமக்கு ஏறக்குறைய முடிந்துபோனது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அது பழைய நினைவு. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே அது உயிரோடு இருக்கிற எழுத்துவகை. அதற்கென்று மாதப் பத்திரிகைகள் உண்டு, தொலைக்காட்சி அலைவரிசை உண்டு, நட்சத்திர எழுத்தாளர்கள் உண்டு, இவை எல்லாவற்றுக்கும் பின்னால் துப்பாக்கிக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் உண்டு. விமர்சகன் என்கிற ஆள் சந்தைக்கு நடுவில் எப்படி உற்பத்தியாகிறான், எப்படிக் காலியாகிறான் என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் இடம் வேறு அதிகம் இல்லை.

விலைபோன எழுத்தாளன் பற்றி நம்மிடம் ஒரு சுலபமான சித்திரம் இருக்கிறது. கம்பெனிக்காரன் காசு கொடுத்தான், இவன் பொய் எழுதினான், முடிஞ்சுது கதை. இந்தச் சித்திரம் போதாது என்பதே இங்கு என் வாதம்.

2

துப்பாக்கி விமர்சனம் எப்படி எழுதப்படுகிறது? கம்பெனி தன் புதிய மாடலை எழுத்தாளருக்கு இரவலாக அனுப்புகிறது. அவர் சுட்டுப் பார்த்து எழுதிவிட்டுத் திருப்பி அனுப்பலாம். பிடித்திருந்தால் சலுகை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். புதுச் சரக்கு சந்தைக்கு வருவதற்கு முன்னால் நாலைந்து எழுத்தாளர்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனியே வேட்டைக்கும் அழைத்துப் போகும். கட்டுரை அச்சாகிற இதழில் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரமும் இருக்கும். இதில் லஞ்சம் என்று சுட்டிக்காட்டக்கூடிய இடம் எதுவும் இல்லை. அடுத்த மாடலும் நம் வீட்டுக்கு வருமா, அடுத்த வேட்டைக்கு நம்மைக் கூப்பிடுவார்களா என்கிற ஒரு மெல்லிய எதிர்பார்ப்பு மட்டும் இருக்கிறது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது. சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் போதும்.

எல்லாரும் எப்போதும் இப்படித்தான் இருந்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் பல ஆண்டுகள் துப்பாக்கிப் பகுதியைக் கவனித்த ஜாக் ஓ’கானர் (1902-1978) நாவலாசிரியர், அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர். வின்செஸ்டர் கம்பெனியின் ‘மாடல் 70’ துப்பாக்கியையும் அதே கம்பெனியின் .270 தோட்டாவையும் அவர் அளவுக்குப் பரப்பியவர் வேறு யாரும் இல்லை. ஆனால் 1964-ல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் அந்தத் துப்பாக்கியை மலிவாக மாற்றிச் செய்தபோது, தன் அதிருப்தியை அவர் மறைக்கவில்லை. அறுபத்து நாலுக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டு விலை பேசுகிற வழக்கம் வந்தது. 1992-ல் பழைய அமைப்பின் முக்கியமான கூறு ஒன்றைக் கம்பெனி திரும்பக் கொண்டுவந்தது. விமர்சனம் என்றால் ஏதாவது நடக்கும் என்பதற்கு அந்த எழுத்துவகைக்குள்ளேயே இருக்கும் சாட்சி இது. ஆனால் அங்கே பேசப்பட்டது கைவேலையின் தரம். உயிர்போகிற விஷயம் அல்ல.

உயிர்போகிற விஷயம் ஒன்று இருந்தது. ரெமிங்டன் கம்பெனியின் ‘மாடல் 700’ 1962-ல் வந்தது. அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற வேட்டைத் துப்பாக்கிகளில் ஒன்று. விசையைத் தொடாமலே, பாதுகாப்புப் பூட்டை விலக்குகிற நேரத்தில் அது வெடிக்கிறது என்று பல பத்தாண்டுகளாகப் புகார்கள் குவிந்தன. ஆட்கள் செத்தார்கள். வழக்குகள் நடந்தன. அந்த விசை அமைப்பின் ஆரம்ப வடிவம் குறித்து, அதை வடிவமைத்த பொறியாளரே 1946-ல் கம்பெனிக்குள் எச்சரித்து எழுதிய குறிப்பு பின்னால் வெளிவந்தது. குறை எதுவும் இல்லை என்றே கம்பெனி கடைசிவரை சாதித்தது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் சம்பந்தப்பட்ட சமரசத்துக்கு 2017-ல்தான் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2006-ல் கம்பெனி கொண்டுவந்த புதிய விசையையும் 2014-ல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இந்த விவகாரத்தை ஊரறியச் செய்தவை நீதிமன்ற ஆவணங்கள், மகனைப் பறிகொடுத்த பெற்றோரின் விடாப்பிடி, 2010-ல் சிஎன்பிசி தொலைக்காட்சி எடுத்த ஆவணப்படம். துப்பாக்கியை வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்து, விசையின் எடையை அவுன்சுக் கணக்கில் அளந்து எழுதிய நிபுணர்களின் பெயர் அந்த வரிசையில் முன்னால் வரவில்லை. விசை எவ்வளவு மென்மையானது என்று எழுதத் தெரிந்த எழுத்துவகைக்கு, அது தானாக வெடிக்குமா என்று கேட்கத் தெரியவில்லை. இந்த மௌனத்துக்காக எந்த எழுத்தாளரின் நம்பகத்தன்மையும் பறிபோனதாகத் தெரியவில்லை. பறிபோனது வேறு இரண்டு பேருக்கு, வேறு காரணத்துக்காக.

3

முதலாமவர் ஜிம் ஸும்போ. ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் ஏறத்தாழ முப்பது வருஷம் எழுதியவர், அதன் வேட்டை ஆசிரியர். 2007 பிப்ரவரியில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஏஆர்-15 போன்ற அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கு வேட்டையில் இடமில்லை, அவை பயங்கரவாதிகளின் துப்பாக்கிகள், வேட்டைக் களத்தில் அவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்கிற பொருளில். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. புரவலரான ரெமிங்டன் உறவை முறித்துக்கொண்டது. பத்திரிகையில் இருந்த இடம் போனது. அவர் பெயரில் ஓடிய தொலைக்காட்சி நிகழ்ச்சி நிறுத்திவைக்கப்பட்டது. தேசியத் துப்பாக்கிச் சங்கமும் கையை உதறியது.

அந்தக் குறிப்பு எங்கிருந்து எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வயோமிங் மாநிலத்தில், ரெமிங்டனின் விளம்பரத் தொடர்பு மேலாளரும் ஆராய்ச்சிப் பொறியாளரும் உடன் இருக்க, கம்பெனியின் புதிய .17 தோட்டாவைச் சோதிக்கப் போன கொயோட்டி வேட்டையிலிருந்து. இதை அவர் ஒளிக்கவே இல்லை, குறிப்பிலேயே எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கில் கொதித்தெழுந்த வாசகர்களை ஆத்திரப்படுத்தியது இந்தச் செய்தி அல்ல. கம்பெனிக்காரனோடு வேட்டைக்குப் போய் கம்பெனித் தோட்டாவைப் பற்றி எழுதுகிறவனை நாங்க எப்படி நம்புறது என்பது அவர்கள் கேள்வியாக இல்லை. நீ எங்க ஆளா இல்லையா என்பதே கேள்வி.

ஸும்போவைத் தியாகியாக்கும் உத்தேசம் எனக்கில்லை. மரப்பிடி வைத்த துப்பாக்கி கனவானுடையது, கறுப்பு பிளாஸ்டிக் துப்பாக்கி கயவனுடையது என்கிற பழைய வேட்டைக்காரனின் மேட்டிமை அவர் பேச்சில் இருந்தது. ரெமிங்டனே 1960-லிருந்து இருபது வருஷம் விற்ற ‘742’ மான்வேட்டைத் துப்பாக்கியும் அரைத்தானியங்கிதான். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு. அவரைத் திட்டியவர்கள் இதைச் சுட்டிக்காட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் கருத்துத் தவறென்றால் மறுத்து எழுதலாம். இங்கே நடந்தது மறுப்பு அல்ல, சாதிவிலக்கு. அவர் மன்னிப்புக் கேட்டார். டெக்சாஸில் டெட் நுஜென்ட் என்கிற ராக் பாடகரின், தீவிரத் துப்பாக்கி ஆதரவாளரின் பண்ணைக்குப் போய் அதே ஏஆர் துப்பாக்கியைச் சுடப் பழகினார். பாவ அறிக்கை, பரிகாரம், மீண்டும் சபையில் சேர்ப்பு. பாவ அறிக்கையைப் பற்றி ஃபூக்கோ எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தச் சடங்கு புதிதாக இருக்காது.

இரண்டாமவர் டிக் மெட்காஃப். வரலாறு கற்பித்த கல்வியாளர், ‘கன்ஸ் அண்ட் அம்மோ’ பத்திரிகையின் பத்தியாளர். 2013 டிசம்பர் இதழில் அவர் எழுதியது இதுதான்: அரசியல் சட்டம் தரும் எல்லா உரிமைகளும் ஏதோ ஒரு வகையில் முறைப்படுத்தப்பட்டவையே, துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் கேட்பவர் 16 மணிநேரம் பயிற்சி பெற வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் சொல்வது உரிமை மீறல் ஆகாது. தடை செய் என்று அவர் சொல்லவில்லை. கத்துக்கிட்டு எடுத்துட்டுப் போ என்றார், அவ்வளவுதான். வேலை போனது. தொலைக்காட்சி நிகழ்ச்சியும் போனது. கட்டுரையை வெளியிட்ட ஆசிரியர் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தானும் விலகினார். மெட்காஃப் இருந்தால் விளம்பரம் இல்லை என்று பெரிய உற்பத்தியாளர்கள் இருவர் தெரிவித்ததாக அவர் தரப்பில் பின்னர் சொல்லப்பட்டது.

4

ஊடகங்களில் வடிகட்டிகள் செயல்படும் விதம் பற்றி எட்வர்ட் ஹெர்மனும் நோம் சாம்ஸ்கியும் 1988-ல் எழுதிய நூலில், விளம்பரத்தை ஒரு வடிகட்டியாகவும், எதிர்ப்புக் கணைகளைத் திரட்டி வீசுவதை இன்னொன்றாகவும் வைத்தார்கள். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் அது பாதி பொருந்துகிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல். கணை வீசியவர்கள் முதலில் சாதாரண வாசகர்கள். கம்பெனி அவர்களுக்குப் பின்னால்தான் ஓடிவந்தது.

கம்பெனியும் இந்த வாசகனுக்குப் பயந்தது. பாதுகாப்புப் பூட்டு முதலான சில நிபந்தனைகளுக்கு உடன்பட்டு ஸ்மித் அண்ட் வெஸன் 2000-ல் கிளின்டன் அரசோடு ஒப்பந்தம் செய்தது. வாடிக்கையாளர்கள் அதைப் புறக்கணித்தார்கள். 1987-ல் 11 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட கம்பெனி 2001-ல் 1 கோடியே 50 லட்சத்துக்கு (கடன் பொறுப்பு தனி) கைமாறியது. ஆக, மேலே உட்கார்ந்து நூலை இழுக்கிற ஒரு முதலாளியைக் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

அப்படியானால் இந்த வாசகன் எங்கிருந்து வந்தான்? அவனும் ஒரு உற்பத்திப் பொருள்தான். பறிக்க வருகிறார்கள், நம் துப்பாக்கியைப் பறிக்க வருகிறார்கள் என்று மாதம் தவறாமல் எழுதிய தலையங்கங்களும் பத்திகளும் விளம்பரங்களும் சேர்ந்து வளர்த்த வாசகன் அவன். தகவல் கேட்டு வந்தவனை அடையாளம் கேட்பவனாக மாற்றியதில் இந்த எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு. அச்சம் விற்றது, துப்பாக்கி விற்றது, பத்திரிகையும் விற்றது. இந்த ஏற்பாட்டில் நம்பகத்தன்மை என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இவன் சொல்வது உண்மையா என்பதற்குப் பதிலாக, இவன் நம்மைக் காட்டிக்கொடுக்க மாட்டானா என்பதே அளவுகோல். அதன் பெயர் விசுவாசம். விசுவாசத்தை அளக்கிற வாசகனுக்குக் கம்பெனிப் பணம் கண்ணில் படாது, ஏனென்றால் கம்பெனியும் அவன் தரப்பு. புரவலர்களுக்கு இதைவிட வசதியான வாசகன் கிடைப்பானா?

பிறகு சொற்களின் அரசியல். ஸும்போ பயன்படுத்திய பெயர் தண்டிக்கப்பட்ட ஓராண்டுக்குள், ரெமிங்டன் தானே ஆர்-15 என்று ஏஆர் வகைத் துப்பாக்கியை வேட்டைக்காரர்களுக்கென இலைவண்ணம் பூசி விற்கத் தொடங்கியது. 2009-ல் துப்பாக்கித் தொழில் கூட்டமைப்பு அந்த வகைக்கே ‘நவீன விளையாட்டுத் துப்பாக்கி’ என்று பெயர் சூட்டியது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டது ரெமிங்டனின் சகோதர நிறுவனமான புஷ்மாஸ்டரின் ஏஆர் வகைத் துப்பாக்கியால். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துப்பாக்கி கொண்டு நடக்கும் குற்றத்துக்காக உற்பத்தியாளர் மீது வழக்குப் போடுவதை ஏறக்குறைய முடியாததாக்கியிருந்தது. அந்தக் குடும்பங்கள் நுழைந்த இடைவெளி எது தெரியுமா? விளம்பரம். துப்பாக்கியை ஆண்மைச் சான்றிதழாக முன்வைத்த விளம்பரங்களின் பேரில் வழக்கு நடக்கலாம் என்று கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 2019-ல் அனுமதித்தது. 2022-ல், திவாலாகிப்போன ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் 7 கோடியே 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. அந்த எழுத்துவகையின் விமர்சகர்கள் செய்திருக்க வேண்டிய வாசிப்பை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நீதிமன்றத்தில் செய்ய வேண்டியிருந்தது. விளம்பரத்தையும் ஒரு பிரதியாக, விளைவுகள் உள்ள பிரதியாகப் படித்தார்கள் அவர்கள்.

5

யாரிடம் பணம் வாங்கினாய் என்று எழுத்தாளனைக் கேட்பது அவசியம்தான். ஆனால் ஸும்போ போன்ற ஒருவர் அதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியும். அவரைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: யாரைக் கோபப்படுத்தினால் உன் பேனா நின்னுபோகும்? அதைச் சொல்லத் தெரிந்தால், அவன் எழுதாமல் விட்டது எது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கேள்வியை அமெரிக்காக்காரனிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் எழுந்து போக முடியாது. சிறுபத்திரிகைக்கு முழுப்பக்க விளம்பரம் தருகிற கம்பெனி எதுவும் இல்லை. ஆனால் நமக்கும் அமைப்பு உண்டு, வட்டம் உண்டு, நம்ம ஆளு என்கிற சொல் உண்டு. தோழர் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும்போது எதை விட்டுவிட்டு எழுதுகிறோம் என்று அவரவருக்குத் தெரியும். அங்கே விலக்கி வைக்கத் துப்பாக்கிக் கம்பெனி வேண்டியிருந்தது. நாம் காசு செலவில்லாமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறோமா என்பதை இந்தப் பக்கங்களிலேயே விவாதிக்கலாம்.