சங்கப் பாடல்களில் அன்னம்: கண்ட வழியும் காணாத கூடும்

அன்னம் என்றதும் இன்று மனத்தில் எழுவது நெடுங்கழுத்தும் தூவெண் சிறகும் கொண்ட மேனாட்டுப் பறவையே. அது தமிழகத்திற்கு இயல்பாக வருவதன்று. வளர்ந்த நிலையில் அதன் கால்கள் கருநிறத்தன. நற்றிணை 356ஆம் பாடலில் பரணர் காட்டும் அன்னமோ செங்கால் உடையது; தெண்கடலில் மேய்ந்து இமயம் நோக்கிப் பறப்பது. திபெத்து, மங்கோலிய நீர்நிலைகளில் இனம்பெருக்கி, இமயத்தைக் கடந்து, குளிர்காலத்தில் கூந்தன்குளம் வரை வரும் வரித்தலை வாத்தோடு இக்குறிப்பு பெரிதும் இயைகிறது. அதன் கால் செம்மஞ்சள். 'செம்மை' அதனையும் தழுவும். 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தமை பதிவாகியுள்ளது.

இவ்வளவில் அடையாளம் முடிந்துவிட்டதாகக் கொள்வது பொருந்தாது. பரணரின் அன்னம் இமயத்திலுள்ள வளராக் குஞ்சுகளுக்கு இரை கொண்டு செல்கிறது. வாத்தினக் குஞ்சுகளோ பொரித்த சில நாள்களிலேயே தாமே மேய்பவை. தாய் இரை சுமப்பதில்லை. தெற்கே மேயும் பருவத்தில் வடக்கே கூட்டில் குஞ்சு இருக்கவும் வழியில்லை. புறநானூறு 67இல் பிசிராந்தையார் விளிக்கும் அன்னச்சேவல் குமரித்துறையில் அயிரை உண்கிறது. வரித்தலை வாத்துக்குப் புல்லும் தானியமுமே முதன்மை உணவு. மீனுண்டு குஞ்சுக்கு இரை கொணர்தல் நாரை, கொக்கு ஆகியவற்றின் இயல்பு. புலவர் கண்டது பறவை செல்லும் திசையை, கூட்டைக் கண்டிலர். காணாததை உள்நாட்டு நீர்ப்பறவையின் வாழ்க்கையால் நிரப்பினர் எனக் கொள்ள இடமுண்டு. நீரொழித்துப் பாலுண்ணும் பறவையை நாலடியார் (135) 'குருகு' என்றே சுட்டுவதும் இங்கு எண்ணத்தக்கது.

அன்னம் சென்ற வழியை வரைய முற்படுவோருக்கும் பிசிராந்தையார் பாடல் எளிதில் இடங்கொடாது. குமரி, உறையூர், வடமலை என்பனவே அதில் உள்ளன. உறையூரிலிருந்து நேர்வடக்கே கோடிழுத்தால் அது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைமேல் செல்லும். கோமுகி ஆற்றுச் சமவெளியையும் பெண்ணைக்கரைத் திருக்கோவலூரையும் அன்னத்தின் தங்குமிடங்களாகக் கொள்ள வரைபடம் தூண்டும். அது வரைபடத்தின் சான்றேயன்றிப் பாடலின் சான்றன்று. பாடலில் பறவை உறையூருக்கு அப்பால் செல்வதே இல்லை. கோப்பெருஞ்சோழனின் கோயிலில் புகுந்து ஆந்தையின் பெயரைச் சொன்னால் பேடைக்கு அணிகலன் கிடைக்கும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. வடமலை அங்கே சென்றடையும் இடமன்று. நண்பன் வாயிலில் பறவையை இறக்குவதற்குக் கிடைத்த ஏது.